முகவர் மாப்பிள்ளை

"இன்னிக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?" என்று என் கணவர் கேட்ட அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டது பெரிதில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் "சாவி எங்க?", "சாப்பாடு ஆச்சா?" வகைக் கேள்விகள்தான். அதற்கும் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் சாவியை அவரே கண்டுபிடித்திருப்பார். அன்றைக்கு என்னவென்றால், சோபாவில் முன்னால் சாய்ந்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மேனேஜர் மறுபடி லீவு," என்றேன்.

"மறுபடி லீவா?" என்றார், ரொம்ப அக்கறையாக.

இது எனக்குத் தெரிந்த வித்தை. நான் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். கையுறை, துடைப்பம், நாற்காலி என்று எங்கள் அலுவலகத்துக்கு எதை விற்க வருகிறவரும் முதலில் என் மேசைக்கு எதிரேதான் உட்கார வேண்டும். போன தடவை நான் இருமியதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தத் தடவை இஞ்சி மிட்டாய் கொண்டுவருவார்கள். மேசையில் இருக்கும் செடியைப் பார்த்து, "வீட்லயும் தோட்டம் வச்சிருக்கீங்களா?" என்பார்கள். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, என் கடைசி வார்த்தையை எனக்கே திருப்பித் தருவார்கள். மிட்டாயை வாங்கிக்கொள்வேன். விலை விஷயத்தில் மட்டும் பிடி கொடுக்க மாட்டேன். அப்படிப்பட்ட என் வீட்டு வரவேற்பறைக்கே அந்த வித்தை வந்து உட்கார்ந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அவர் மேற்பார்வையாளராக இருந்த கிடங்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூருக்கு இடம் மாறியதில் வேலை போய்விட்டது. ஐம்பதைத் தாண்டியவரை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தார். பிறகு, சொத்து முகவர் படிப்பில் சேர்ந்துவிட்டேன் என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வீடு வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று பேசிப் பிழைக்கிற தொழில் அது. இவரோ காப்பிக்கடையில் தேநீர் சொல்வதற்கே என்னை அனுப்புகிற மனிதர். ஆனால் பரீட்சையில் தேறிவிட்டார். ஒரு முகவர் குழுவில் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் புதுப் பழக்கங்கள் ஆரம்பித்தன.

காலையில் குளித்ததும் காலணியைத் துடைத்துப் பளபளவென்று வாசலில் வைப்பார். போனில் பேசும் முன்னால் சிரிக்க வேண்டுமாம், அப்போதுதான் குரலில் சிரிப்பு தெரியுமாம். ஒருநாள் குளியலறைக் கதவு திறந்திருந்தது. வாயில் பிரஷ்ஷோடு கண்ணாடியைப் பார்த்துத் தனியாக இளித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது. 'பிரச்சினை' என்ற வார்த்தையை இனிமேல் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றார். சமையலறைக் குழாய் ஒழுகினால் என்ன சொல்வது என்று கேட்டேன். அதை ஒரு வாய்ப்பாகப் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்ப அந்த வாய்ப்பை நீங்களே துடைச்சு விடுங்க," என்றேன்.

துடைத்துவிட்டார். முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டார். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

தினமும் காலையில் அவருடைய குழுத்தலைவர் கைப்பேசியில் எல்லோருக்கும் வகுப்பு எடுப்பார். எங்களைவிட வயதில் ரொம்பச் சின்னவர், குரலில் மட்டும் பெரிய மனுஷத்தனம். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் கைப்பேசியை நிறுத்தி வைத்துக்கொண்டு இவர் கேட்பார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். "கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்குங்க. அவங்களா பேசுற வரைக்கும் சும்மா இருங்க. கஷ்டமா இருக்கும் லா, ஆனா இருங்க," என்பார் அந்தத் தம்பி, இந்த ஊர்ப் பாணியில் 'லா' போட்டு. இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அந்தத் தம்பி, "வெளிய அலையாதீங்க. சொந்தபந்தத்துல இருந்து ஆரம்பிங்க. யாரு பெரிய வீட்டுல தனியா இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க லா," என்றார். என் கையில் கத்தி நின்றுவிட்டது. எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மார்சிலிங்கில் மூவறை வீட்டில் தனியாக இருக்கும் என் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இவர் மார்சிலிங்குக்குக் கிளம்பிவிட்டார்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்னோடு வருவார், அம்மா வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார், சாப்பிடுவார், கிளம்புவார். மாமியாரும் மருமகனும் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்படிப்பட்டவர் இப்போது வாராவாரம் போகிறார். தேக்கா சந்தையில் இறங்கி அம்மாவுக்குப் பிடித்த முருங்கைக்கீரையும் கொஞ்சம் பூவும் வாங்கிக்கொண்டு போகிறார். மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுக்கிறார். சாயங்காலம் நான் போன் செய்தால் அம்மாவின் குரலில் ஒரு துள்ளல்.

"மாப்பிள்ளை வந்துட்டு இப்பதான் போறாரு."

"அப்படி என்னதான் பேசுறீங்க ரெண்டு பேரும்?"

"சும்மாதான் பேசிக்கிட்டிருந்தோம்."

சும்மா பேசுவதற்கு என் கணவர் மார்சிலிங் வரைக்கும் போகிறார் என்றால் நம்புவதற்கு நான் என்ன பச்சைக் குழந்தையா? அந்த வீடு அப்பா வாங்கிய வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, வயதும் ஆகிறது. அவளை எங்களோடு கூட்டிவந்து வைத்துக்கொள்வது என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். எங்கள் வீட்டு உள்ளறைக்கு வெளிர்நீல வண்ணம் அடித்தாகிவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தியாகிவிட்டது. "எப்பம்மா வர்ற?" என்று கேட்கும்போதெல்லாம் அம்மா "பார்ப்போம்" என்பாள். வந்த பிறகு அந்த வீட்டைப் பூட்டி வைக்கலாம், வாடகைக்கு விடலாம், ஆனால் விற்கக்கூடாது. இதற்கு நடுவில் என் கணவரே முகவராகப் போய் அம்மாவின் தலையைத் தடவி வீட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நேராகக் கேட்டேன். "அம்மா வீட்டை விக்கப் போறீங்களா?"

"உனக்கு ஏன் அப்படித் தோணுது?" என்றார்.

கேள்விக்குக் கேள்வி. இதுவும் அந்தத் தம்பியின் வகுப்பில் வந்ததுதான், நானும்தான் கேட்டேனே. அதற்கு மேல் இவரிடமிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை. அம்மாவிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். ஆனால் அடுத்த முறை நான் போனபோது வரவேற்பறையில் இருந்த பழைய அலமாரியைக் காணோம். சுவர் வெள்ளையடித்திருந்தது. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றால், "வீடு பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான்," என்கிறாள். வருகிறவர்கள் கண்ணுக்கு வீடு பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் சாமான்களைக் குறைக்க வேண்டும். முகவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இதுகூடத் தெரியாதா?

அந்தச் சமயத்தில் குழுத்தலைவர் எல்லோருக்கும் குடும்பத்தோடு மதிய விருந்து வைத்தார். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு வாழையிலை உணவகம். வேவு பார்க்கலாம் என்றுதான் நானும் போனேன். தம்பி வந்து எதிரே உட்கார்ந்தார். நல்ல வாசனைத் திரவியம், நல்ல பல்வரிசை. "அண்ணன் எங்க டீமுக்கே எக்ஸாம்பிள் அக்கா. அவசரமே படமாட்டார்," என்றார். நான் ரசத்தை உறிஞ்சினேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "அம்மா எப்படியிருக்காங்க? கால்வலி பரவாயில்லையா?" என்று கேட்டாரே பார்க்கலாம்.

என் அம்மாவின் கால்வலி இந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவேயில்லை. ஒரு குழுவே சேர்ந்து என் அம்மாவைச் சுற்றி வளைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுவாரம் ஒரு வேலைநாளில் அரைநாள் விடுப்பு எடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. மார்சிலிங்கில் ரயிலைவிட்டு இறங்கி வேகமாக நடந்தேன். மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் தூரத்திலேயே தெரிந்தது, அம்மா வீட்டு வாசலில் பளபளவென்று என் கணவரின் காலணி. அதற்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு ஜோடி ஆண் செருப்பு, ஒரு ஜோடி பெண் செருப்பு.

உள்ளே ஓர் இளம் தமிழ்த் தம்பதி சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா விசேஷங்களுக்குக் கட்டுகிற அரக்குச் சேலையில் இருந்தாள். முறுக்குத் தட்டும் தேநீரும் மேசையில். வீடு பார்க்க வந்தவர்களுக்கு முறுக்கு கொடுக்கிற ஆள் இந்தத் தீவிலேயே என் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். என் கணவர் சன்னல் பக்கம் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"இந்த வீடு விற்பனைக்கு இல்ல," என்றேன். "வயசானவங்களை ஏமாத்தி நடக்குற வேலை இது. நீங்க கிளம்புங்க."

அந்தப் பெண் தன் கணவரைப் பார்த்தாள். இருவரும் எழுந்தார்கள். "உக்காருங்க தம்பி, உக்காரும்மா," என்று அம்மா பதறினாள். அவர்கள் உட்காரவில்லை. "பரவால்ல ஆன்ட்டி, இன்னொரு நாளைக்கு," என்று தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். போகும்போது அந்தப் பெண் என் கணவரைப் பார்த்த பார்வை எனக்குத் திருப்தியாக இருந்தது. திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிம்மதி.

அம்மா கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"யாருடி ஏமாத்துனது? நான்தான் விக்கிறேன்."

"நீயா?"

"நான்தான். தேக்காவுல ஒரு சின்ன வீடு பார்த்து வச்சிருக்கோம். இது வித்தாத்தான் அது. அந்தப் பிள்ளைங்களுக்கு வீடு பிடிச்சுப்போயிருந்துச்சு. நீ வந்து கெடுத்துட்ட."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தார். "என்கிட்ட ஏன் யாருமே சொல்லல?" என்று கத்தினேன்.

"நான்தான் மாப்பிள்ளைகிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னேன்," என்றாள் அம்மா. "கைகூடுற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு."

அம்மாவின் இந்தப் பழக்கம் எனக்குத் தெரிந்ததுதான். வீடு, வேலை, கல்யாணம், எதுவாக இருந்தாலும் முடியும் வரைக்கும் மூச்சுவிட மாட்டாள். கண்பட்டுவிடும் என்ற பயம். என் கல்யாணப் பேச்சைக்கூடத் தட்டு மாற்றும் நாள் வரைக்கும் தன் சொந்தத் தம்பியிடமே மறைத்தவள். அப்போதெல்லாம் மறைப்பதற்கு நான் கூட இருந்தேன். யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று அம்மாவும் நானும் சமையலறையில் குசுகுசுவென்று பேசி முடிவு செய்வோம்.

"நான் வெளி ஆளாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டாள். "உன் வீட்டுக்கு வந்தா எனக்கு ஒரு ரூம் இருக்கும். வீடு இருக்காது," என்றாள். "காலையில நீங்க ரெண்டு பேரும் போயிருவீங்க. கதவைச் சாத்திக்கிட்டு நான் அந்த நீலச் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இங்க பழகுன ஆளுங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. தேக்கான்னா கீழ இறங்கினா சந்தை. கோயிலு நடக்குற தூரம். பேச ஆளு இருக்கு."

"இதை நீ என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எத்தனை தடவ சொன்னேன், பார்ப்போம்னு?"

"பார்ப்போம்னா..."

அப்போதுதான் என் கணவர் முதல் தடவையாகப் பேசினார். "விக்க வர்றவங்ககிட்ட நீ பார்ப்போம்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாதவர்களிடம் நான் தினமும் சொல்கிற வார்த்தை அது.

"உன்கிட்டச் சொன்னா நீ கேட்டுக்குவ," என்றாள் அம்மா. "கேட்டுட்டு நீ நினைச்சதைத்தான் செய்வ. மாப்பிள்ளை ஒருநாள் வந்து, 'அத்தை, உங்களுக்கு எங்க இருக்கப் பிடிக்கும்?'னு கேட்டாரு. கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தாரு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அதை யாரும் என்கிட்டக் கேட்டதே இல்ல. உங்கப்பாவும் கேட்டதில்ல."

அழுகை வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. அந்தக் கேள்வியும் அந்தச் சும்மா இருத்தலும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். எங்கள் சமையலறை மேசையில் நிறுத்தி வைத்த கைப்பேசியிலிருந்து வந்தவை. அம்மாவிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டேன்.

"நீ கெடுத்ததை நீயே சரிபண்ணு," என்று அம்மா என் கணவரின் கைப்பேசியை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

வாங்குகிற பக்கம் உட்கார்ந்தே பழகியவள் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை விற்பதற்காகப் போன் செய்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன், வீட்டுக்குள் தெரியாமல் நடந்த குழப்பம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், பிடி கொடுக்கவில்லை. கடைசியில், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆன்ட்டி உண்மையிலேயே விரும்பித்தான் விக்கிறாங்களா? இல்ல யாராச்சும் ஃபோர்ஸ் பண்றாங்களா? எங்களுக்கு அந்த மாதிரி வீடு வேணாம்," என்றாள்.

அவளுக்கு என்மேல் சந்தேகம். நியாயமான சந்தேகம். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா விரும்பித்தான் விக்கிறாங்க," என்றேன். "அவங்களுக்கு எங்க வீட்டுக்கு வரப் பிடிக்கல. தேக்காவுலதான் இருக்கணுமாம்." சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது. விற்பதற்காகச் சொன்னதில்லை, ஆனால் அந்தப் பெண் நம்பியது அதைத்தான். அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். வீடும் அவர்களுக்கே முடிந்தது.

போன் செய்த அன்றைக்கு நாங்கள் ரயிலில் சேர்ந்தே திரும்பினோம். கிராஞ்சி தாண்டியதும் நான் கேட்டேன். "அம்மாகிட்ட நீங்க போய் உக்காந்தது பாசமா, பயிற்சியா?"

"ஆரம்பத்துல பயிற்சிதான்," என்றார். "கேட்டுட்டுச் சும்மா இருக்கப் பழகணும்னு தம்பி சொன்னாரு. தெரியாதவங்ககிட்ட வரல. அத்தைகிட்ட முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னு போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க. நானும் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். பயிற்சிக்குன்னு போன நான் வீட்டைப் பத்திப் பேசவே ரொம்ப நாளாச்சு."

நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை. எந்த இடத்தில் பயிற்சி முடிந்தது, எந்த இடத்தில் மனுஷன் ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. பொய் சொல்லியிருந்தால் முழுக்கப் பாசம் என்று சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அந்த அளவுக்கு நம்பினேன்.

அம்மா இப்போது தேக்காவில் இருக்கிறாள். சின்ன வீடு. சாமி மாடத்துக்குப் போக மீதி இடத்தில் ஒரு கட்டில், ஒரு மேசை. குடிபோன அன்று பாலைக் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வா," என்றாள். பெற்ற தாய் வீட்டுக்குப் போக எந்த மகள் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போகிறாள்? என் கணவருக்கு அப்படி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை கீரையோடு போய்க் கதவைத் தட்டுகிறார், கதவு திறக்கிறது.

நான் போன் செய்கிறேன்.

"என்னடி விஷயம்?" என்கிறாள் அம்மா.

"ஒரு விஷயமும் இல்லம்மா. சும்மா பார்க்க வரலாம்னு."

"சும்மாவா?"

மறுமுனையில் சந்தை இரைச்சல் கேட்கிறது. என்னத்துக்காக வருகிறேன், இந்த முறை எதை முடிவு செய்துகொண்டு வருகிறேன் என்று அவள் யோசிக்கிறாள். பிறகு, "இன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களோட கோயிலுக்குப் போறேன், இன்னொரு நாள் வா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாள்.

நான் மறுநாள் மறுபடி கூப்பிடுகிறேன்.